ஒப்பந்தம் முடிந்த மறுநாள்: ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கு

ஐபிஎல் ஏலம் நெருங்கும்போதெல்லாம் ‘ரீடெயின்’ என்ற சொல் நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிடுகிறது. யாரை ரீடெயின் பண்ணாங்க, எத்தனை கோடிக்கு, யாரைக் கைவிட்டாங்கன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. ரீடெயின் ஆவது ஒரு ஆட்டக்காரருக்குப் பெருமை, நல்ல வருமானமும்கூட.

இதே சொல் இங்கிலாந்து கால்பந்தில் 1893 முதல் 1963 வரை, சரியாக எழுபது வருடம், வேறொரு பொருளில் புழங்கியது. அங்கே ரீடெயின் ஆனவர் சில சமயம் சம்பளமே இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. அந்த நிலைமையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். பெலே, மாரடோனா அளவுக்கு நமக்குத் தெரிந்த பெயர் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு கால்பந்து வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கிளப்புக்குப் போகிறார் என்றால், அதில் பாதி வழியைப் போட்டவர் இவர்தான். மீதிப் பாதி யாருடையது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கால்பந்து வீரருக்கும் கிளப்புக்கும் நடுவே இரண்டு கயிறுகள் உண்டு. ஒன்று ஒப்பந்தம். இவ்வளவு காலம் ஆடு, இவ்வளவு சம்பளம் தருகிறேன் என்பது. இன்னொன்று பதிவு. இந்த ஆள் இந்தக் கிளப்பின் ஆட்டக்காரர் என்று லீக்கின் ஏட்டில் இருக்கும் பெயர். பதிவு எந்தக் கிளப்பிடம் இருக்கிறதோ, அந்தக் கிளப்புக்கு மட்டும்தான் அவர் ஆட முடியும்.

பள்ளிக்கூடத்தில் டி.சி. இருக்கிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. பையன் வேற ஸ்கூலுக்குப் போக ஆசைப்படலாம், அந்த ஸ்கூலும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கலாம். பழைய ஸ்கூல் டி.சி.யைத் தராமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்து லீக்கின் கிளப்புகள் செய்தது அதைத்தான்.

ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். ஜூன் 30-ம் தேதியோடு முடியும். அதற்கு முன்பே ஒவ்வொரு கிளப்பும் இரண்டு பட்டியல் போடும். ‘இவர்களை வைத்துக்கொள்கிறோம்’ என்பது ரீடெயின் பட்டியல். ‘இவர்களை விற்கத் தயார், விலை இது’ என்பது டிரான்ஸ்பர் பட்டியல். ரீடெயின் பட்டியலில் பெயர் வந்தவருக்குக் கிளப் ஒரு சம்பளத்தைச் சொல்லும். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சரி. மறுத்தால் ஒப்பந்தம் கிடையாது, அதனால் சம்பளமும் கிடையாது. பதிவு மட்டும் கிளப்பிடமே இருக்கும், ஆகவே வேறு கிளப்பிலும் ஆட முடியாது. இதற்குக் காலக்கெடு என்று எதுவும் இல்லை. அடுத்த வருடமும் ரீடெயின் பண்ணலாம், அதற்கடுத்த வருடமும் பண்ணலாம்.

அதாவது ஒப்பந்தம் கிளப்பை ஒரு வருடத்துக்குக் கட்டியது. ஆட்டக்காரரை, கிளப் நினைத்தால், ஆயுசு பூராவும் கட்டியது.

இதோடு சம்பள உச்சவரம்பு வேறு. 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் யாருக்கும் தரக்கூடாது என்று விதி வந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1958-ல் சீசனில் 20 பவுண்டு, கோடையில் 17 பவுண்டு என்று நின்றது. ஐம்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடும் நட்சத்திரத்துக்கும் அவ்வளவுதான். தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரிக் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

முதலில் மோதித் தோற்றவர்

ஈஸ்ட்ஹாமுக்கு ஐம்பது வருடம் முன்பே ஒருவர் முயன்று பார்த்தார். பெயர் கிங்கபி. 1906-ல் ஆஸ்டன் வில்லா அவரை 300 பவுண்டுக்கு வாங்கியது. அங்கே அவருக்கு ஒத்துவரவில்லை. வெளியே போய், வேறு ஒரு லீக்கைச் சேர்ந்த கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த லீக் அப்போது இந்தப் பதிவு விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. பிறகு இரண்டு லீக்குகளும் கைகோத்துக்கொண்டன. உடனே வில்லா பழைய ஏட்டைத் தூசி தட்டி எடுத்து, இவர் எங்கள் ஆள், விலை 350 பவுண்டு என்றது. அந்த விலை கொடுத்து வாங்க யாரும் வரவில்லை. கிங்கபியின் பிழைப்பு நின்றது.

1907-ல் தொடங்கியிருந்த ஆட்டக்காரர் சங்கம் அவருக்காக 1912-ல் வழக்கு நடத்தியது. அவருடைய வக்கீல்கள் ‘வில்லா கெட்ட எண்ணத்தோடு இப்படி விலை வைத்தது’ என்று வாதாடினார்கள். கெட்ட எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தானே கிளப் செய்தது? வழக்கு தோற்றது. செலவு தலையில் விழுந்து சங்கமே திவாலாகும் நிலைக்குப் போனது. தவறான கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போனதன் விலை அது. அடுத்த அரை நூற்றாண்டு இந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

நியூகாசிலில் என்ன நடந்தது?

ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1936-ல் பிளாக்பூலில் பிறந்தவர். அப்பாவும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்தான், இங்கிலாந்து அணிக்கு ஆடியவர். வட அயர்லாந்தில் ஆர்ட்ஸ் என்ற கிளப்பில் அப்பாவோடு இருந்த மகனை 1956-ல் நியூகாசில் யுனைடெட் 9,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒல்லியான உடம்பு, இடது காலில் நல்ல வித்தை, நடுக்களத்திலிருந்து பந்தைப் பிரித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர்.

நான்கு வருடத்தில் கசப்பு சேர்ந்துவிட்டது. ஈஸ்ட்ஹாம் சொன்ன குறைகள் மூன்று. கிளப் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை. வருமானத்துக்குத் துணையாக ஏற்பாடு செய்துகொடுத்த பக்கத்து வேலை திருப்தியாக இல்லை. 23 வயதுக்குட்பட்டோருக்கான இங்கிலாந்து அணியில் ஆடுவதைத் தடுக்கப் பார்த்தார்கள். உலகத்தைப் புரட்டிப்போடும் குறைகள் இல்லை, எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடியவைதான். மற்ற இடத்தில் இப்படி மனக்கசப்பு வந்தால் ஆள் வேறு வேலை தேடிக்கொள்வார். 1960 ஜூன் 30-ம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. ஈஸ்ட்ஹாம் போகிறேன் என்றார். நியூகாசில் அவரை ரீடெயின் பண்ணியது.

லீக்கிடம் முறையிட்டார். அது உங்களுக்கும் கிளப்புக்கும் உள்ள விவகாரம் என்று கைகழுவிவிட்டார்கள். விதியைப் போட்டதே லீக். அதைப் பற்றிக் கேட்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது பதில்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். அப்போது நியூகாசிலின் மேனேஜர் சார்லி மிட்டன். இந்த மிட்டன் ஆட்டக்காரராக இருந்தபோது மான்செஸ்டர் யுனைடெட்டில் இருந்தவர். 1950-ல் இங்கிலாந்தின் சம்பள வரம்பு பொறுக்காமல் கொலம்பியாவுக்குப் போய், பொகோட்டாவின் சாண்டா ஃபே கிளப்பில் சேர்ந்துகொண்டார். கொலம்பிய லீக் அந்தச் சமயத்தில் ஃபிஃபாவின் கட்டுக்குள் இல்லை, அதனால் யாருடைய பதிவைப் பற்றியும் அங்கே கவலைப்படவில்லை. ஊர் திரும்பியதும் மிட்டனுக்குத் தடையும் அபராதமும் காத்திருந்தன. அதே மனிதர் பத்து வருடம் கழித்து, போகத் துடிக்கும் ஒரு ஆட்டக்காரரைப் பிடித்து வைத்திருக்கும் கிளப்பின் மேனேஜர். தனிப்பட்ட ஆட்களின் நல்ல மனசு, கெட்ட மனசு இதில் பெரிய விஷயமில்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். நாற்காலி மாறினால் வேலை மாறுகிறது.

தக்கை விற்ற நட்சத்திரம்

கிளப் என்ன எதிர்பார்த்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஆட்டக்காரனுக்கு வேற என்ன தொழில் தெரியும்? இரண்டு வாரம் சம்பளம் வராவிட்டால் தானாக வந்து கையெழுத்துப் போடுவான். எழுபது வருடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பவே இல்லை.

ஈஸ்ட்ஹாம் வரவில்லை. தென் இங்கிலாந்தில் சர்ரே பக்கம் போய், எர்னி கிளே என்ற வியாபாரியிடம் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். இந்த எர்னி கிளே பின்னாளில் ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவரானவர். சீசன் தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் லீக் ஆட்டம் நடக்கிறது, இவர் களத்தில் இல்லை. 24 வயது, ஒரு கால்பந்து வீரரின் நல்ல வருடங்கள் கரைகின்றன. அந்த வயதில் ஒரு சீசன் போனால் திரும்பி வராது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். யார் முதலில் கண் சிமிட்டுவார்கள் என்பதுதான் கேள்வி.

சிமிட்டியது நியூகாசில். 1960 முடிவதற்குள் அவரை 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்றுவிட்டது. 9,000-க்கு வாங்கியது 47,500-க்குப் போனது. கிளப்புக்கு நல்ல லாபம்தான்.

இப்போது ஈஸ்ட்ஹாமுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லண்டன், பெரிய கிளப், மறுபடியும் ஆட்டம். ஆனால் அதற்கு முன்பே வழக்கு தொடுக்கப்பட்டிருந்தது. அதை வாபஸ் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சங்கம் அவரிடம் பேசியது: இது உன் ஒருவனுடைய பிரச்சினை இல்லை, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர் ஒத்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம் இதுதான். கோபத்தில் வழக்குப் போடுவது பெரிய காரியமில்லை. காரியம் முடிந்த பிறகு, தனக்கு நேரடி லாபம் எதுவும் இல்லாத வழக்கில் மூன்று வருடம் தன் பெயரைக் கொடுத்துக்கொண்டு நிற்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு வேலைநிறுத்தம், நடக்காதது

சங்கத்துக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அப்போது அதன் தலைவர் ஜிம்மி ஹில், செயலாளர் கிளிஃப் லாய்ட். சம்பள வரம்பை எடுக்காவிட்டால் 1961 ஜனவரி 21 முதல் ஆட மாட்டோம் என்று அறிவித்திருந்தார்கள். மான்செஸ்டரில் நடந்த கூட்டத்தில் ஒரு இளம் ஆட்டக்காரர் எழுந்து, என் அப்பா சுரங்கத் தொழிலாளி, அவரைவிட நமக்குச் சம்பளம் நல்லாத்தானே இருக்கு என்றாராம். போல்டனின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். அவரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உங்க அப்பா வேலையை நான் செய்துகொடுக்கிறேன், சனிக்கிழமை முப்பதாயிரம் பேர் முன்னாடி இதோ இந்த மேத்யூஸைத் தடுக்கும் வேலையை அவர் செய்வாரா கேளுங்க என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஸ்டான்லி மேத்யூஸ். கூட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 18 அன்று, லீக் இறங்கிவந்தது. சம்பள வரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு 100 பவுண்டு வாங்க ஆரம்பித்தார். ரீடெயின் முறையையும் மாற்றுவதாகப் பேசி முடித்தார்கள். ஆனால் அந்தப் பகுதியில் கிளப்புகள் பிறகு பின்வாங்கிவிட்டன. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. கூடுதல் சம்பளம் தருவது பணத்தோடு முடிகிற விஷயம். பதிவை விட்டுக்கொடுப்பது பிடியை விட்டுக்கொடுப்பது. முதலாளிகள் முதலாவதற்குத்தான் சீக்கிரம் சம்மதிப்பார்கள். ஆகவே இரண்டாவதற்கு நீதிமன்றம் தேவைப்பட்டது.

நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்வி

வழக்கு 1963-ல் நீதிபதி ரிச்சர்ட் வில்பர்ஃபோர்ஸ் முன் வந்தது. ஆட்டக்காரர்கள் அந்த ஒப்பந்தத்தை ‘அடிமை ஒப்பந்தம்’ என்று அழைத்துவந்தார்கள். நீதிபதியோ, பிரிட்டனின் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் எள்ளுப்பேரன். கதாசிரியர் யாராவது இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். இன்னொரு தகவல், இவர் 1907-ல் பிறந்தது நம்ம ஜலந்தரில்.

ஆனாலும் வாரம் 20 பவுண்டு வாங்கும் ஆட்டக்காரரை அடிமை என்பது மிகைதான். தீர்ப்பு அந்தச் சொல்லின் மேல் நிற்கவும் இல்லை. அது நின்றது பழைய, சலிப்பூட்டும் ஒரு வணிகச் சட்டக் கோட்பாட்டின் மேல். ஒருவர் தன் தொழிலைச் செய்து பிழைப்பதற்கு யாராவது தடை போட்டால், அந்தத் தடை நியாயமானது, தேவைக்கு மேல் போகாதது என்று தடை போட்டவர் காட்ட வேண்டும். கிங்கபி வழக்கில் கேட்டது ‘கிளப்புக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா’ என்ற கேள்வி. ஈஸ்ட்ஹாம் வழக்கில் கேட்டது ‘இந்த விதி நியாயமானதா’ என்ற கேள்வி. முதல் கேள்விக்கு ஆட்டக்காரர் நிரூபிக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் கிளப்பும் லீக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஐம்பது வருடத்தில் மாறியது இது.

கிளப்புகள் தரப்பில் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ரீடெயின் இல்லாவிட்டால் பணக்காரக் கிளப்புகள் எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும். சின்ன ஊர்க் கிளப்புகள் பையன்களைப் பழக்கி வளர்ப்பதற்குப் பலன் இல்லாமல் போகும். லீக்கே ஒருதலையாகிவிடும். இந்த முறை இங்கே மட்டுமில்லை, உலகம் பூராவும் இருக்கிறது.

வில்பர்ஃபோர்ஸ் இதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். லீக்குக்குப் பாதுகாக்க வேண்டிய நலன் இருக்கிறது, சரி. அதற்காக ஒப்பந்தம் முடிந்துபோன, சம்பளம் கொடுக்காத ஒரு ஆளை வேறெங்கும் ஆடவிடாமல் வைத்திருப்பது அவசியமா? இல்லை என்றார். உலகம் பூராவும் இருக்கிறது என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. உலகம் பூராவும் முதலாளிகள் ஒரே அணியாக நின்று போட்டுக்கொண்ட ஏற்பாடு அது, அதனாலேயே அது நியாயமாகிவிடாது என்பது அவர் பார்வை. கிளிஃப் லாய்டின் சாட்சியம் ஆட்டத்தின் நிஜமான பிரச்சினைகளைத் தொட்டுப் பேசியது என்று பாராட்டவும் செய்தார்.

1963 ஜூலை 4 அன்று தீர்ப்பு. ரீடெயினும் டிரான்ஸ்பரும் சேர்ந்த அந்த முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை, ஈஸ்ட்ஹாமை அது கட்டுப்படுத்தாது.

அவர் கைக்கு என்ன வந்தது? சம்பள பாக்கி, போனஸ் என்று கேட்டிருந்தது கிடைக்கவில்லை. ஆட மறுத்துவிட்டு நின்ற காலத்துக்குப் பணம் தருவது கிளப்பின் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு ஜெயித்தது, வாதிக்குப் பணம் இல்லை.

பாதி வழி

ரீடெயின் முறை தளர்த்தப்பட்டது. வைத்துக்கொள்ள வேண்டுமானால் குறைந்தபட்சம் பழைய சம்பளத்தையாவது கொடுத்தாக வேண்டும், சச்சரவு வந்தால் தீர்க்க நடுவர் குழு, இப்படி. 1978-ல் ஒப்பந்தம் முடிந்தவர் தன் விருப்பப்படி போகலாம் என்றும் ஆனது. ஆனால் போகும் இடத்துக் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது அப்படியே இருந்தது. பூட்டு போய்விட்டது, சுங்கச்சாவடி மிச்சம்.

அந்தச் சாவடியில் மாட்டியவர் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன். 1990-ல் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பெல்ஜிய ஃப்ராங்க் வாங்கியவருக்குப் புது ஒப்பந்தத்தில் 30,000 தருவதாகச் சொன்னார்கள். மறுத்தார். அவரை வேறு கிளப் எடுத்துக்கொள்ள நிர்ணயித்த விலை 1,17,43,000 ஃப்ராங்க். அதாவது, கிளப்பின் கணக்கில் அவருடைய ஆட்டத்தின் மதிப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, ஆனால் அவரை வாங்க விலை மட்டும் கோடியைத் தாண்டியது. பிரான்ஸில் டன்கர்க் கிளப்புக்குப் போக இருந்த ஏற்பாடும் முறிந்தது. ஐந்து வருடம் போராடி, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றிய வீரர் ஒன்றியத்தின் இன்னொரு நாட்டுக்குப் போகப் பணம் கேட்கக்கூடாது. ஈஸ்ட்ஹாம் விட்ட இடத்திலிருந்து மீதிப் பாதி அது.

1963-ல் கிளப்புகள் சொன்ன பயம் பலித்ததா? ஒரு பகுதி பலித்தது. 1995-ல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த அயாக்ஸ் அணி அடுத்த சில வருடங்களில் கலைந்தது. எட்கர் டேவிட்ஸ் ஒப்பந்தம் முடிந்து மிலானுக்குப் பணமில்லாமல் போனார். இன்று ஐரோப்பாவில் பெரிய கிளப்புகள் சிலவற்றிடமே பணமும் ஆட்களும் குவிந்திருப்பது உண்மை. ஆனால் அதற்குத் தொலைக்காட்சிப் பணம் முதல் ஆயிரம் காரணம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, லீக்கில் சமநிலை வேண்டும் என்றால் அதற்கான செலவை லீக் ஏற்க வேண்டும். வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம், சின்னக் கிளப்புகளுக்கு நிதி ஒதுக்கலாம். தக்கை விற்றுக்கொண்டிருக்கும் ஒரு 24 வயதுக்காரரின் தலையில் அந்தச் செலவைக் கட்டுவது ஏன்? வில்பர்ஃபோர்ஸ் கேட்டதும் சாராம்சத்தில் இதைத்தான்.

போஸ்மனுக்கு வழக்கு முடிந்தபோது ஆட்ட வயது போய்விட்டது. பிறகு வறுமையும் குடியும் என்று வாழ்க்கை சரிந்தது. ஈஸ்ட்ஹாம் அந்த வகையில் கொடுத்துவைத்தவர். இங்கிலாந்துக்கு 19 ஆட்டங்கள் ஆடினார். 1966 உலகக் கோப்பை அணியில் இருந்தார், ஆடும் வாய்ப்புத்தான் வரவில்லை. 1972-ல் 35 வயதில், செல்சிக்கு எதிரான லீக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்டோக் சிட்டிக்கு வெற்றி கோலை அடித்தார். 2024 டிசம்பரில் 88 வயதில் இறந்தார்.

போஸ்மன் வழக்கில் நான் இங்கே தாண்டிவந்த விஷயங்கள் நிறைய. முக்கியமாக, வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் இருக்கலாம் என்ற விதியும் அதே தீர்ப்பில் உடைந்த கதை. அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.